மூச்சு வாங்காத பசங்க

பாட்டிலைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துத்தான் உத்திராபதி மூடுவார். மாரியம்மாள் வீட்டுக் கிணற்றில் சேந்திய வாளிக்குள் முழங்கைவரை கையை விட்டு, பாட்டில் கழுத்துவரை நிரம்பியதும் கட்டைவிரலால் வாயை அடைப்பார். மகள் வெண்மதி மூடியை நீட்டுவாள். நீருக்கடியிலேயே திருகி, வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பார்ப்பார். ஒரு குமிழி மேலே ஓடினாலும் போச்சு, காற்று பட்ட தண்ணீரில் பரிசோதனை பொய் சொல்லும். கொட்டிவிட்டு மறுபடியும். அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

"திங்கக்கெழம நானே சிதம்பரம் போயி லேப்ல குடுத்துட்டு வரேன் பாப்பா. நீ மெட்ராஸ் பஸ்ஸப் புடி" என்றார்.

கடலூர் முதுநகரில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை அவருடையது. காதில் எப்போதும் ஒரு திருப்புளி. ஓடும் எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கேள்வி கேட்டால் எஞ்சினைப் பார்த்தே பதில் சொல்வார். பட்டறைக்குள் புதைத்திருந்த டீசல் டேங்க் துருப்பிடித்து ஒழுகியது மட்டும் அவருக்குத் தெரியாமல் போயிற்று. பக்கத்து வீட்டு மாரியம்மாளின் உலைத் தண்ணீரில் வாடை வந்த பிறகுதான் தெரிந்தது. சண்டைக்கு வந்தவள் வாய் ஓயும்வரை தலைகுனிந்து நின்றார்.

"ஒரு நா உன் கெணத்துலேர்ந்து ஒரு சொம்பு மொண்டு, உன் கண்ணு முன்னால குடிக்கறேன் தங்கச்சி. அதுக்கப்புறந்தான் ஷட்டர ஏத்துவேன்."

அன்று இறங்கிய ஷட்டர். அதன்பின் பின்வாசல் வழியாகத்தான் போக்குவரத்து.

வெண்மதி நுண்ணுயிரியல் படித்தவள். காற்றே இல்லாத மண்ணில் எண்ணெயைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் உண்டு என்று அவள் சொன்னபோது அவர் நம்பவில்லை. மூச்சு வாங்காமல் எது உயிரோடிருக்கும் என்று கேட்டார். பிச்சாவரத்துச் சுரபுன்னை வேர்களுக்கடியிலிருந்து கருஞ்சேறு கொண்டுவந்து, டீசல் விட்டு, ரப்பர் மூடியிட்டு இறுக்கி, பட்டறை இருட்டில் வைத்துவிட்டுப் போனாள். சித்திரை வெயிலில் தகரக் கூரை பழுத்தது. அவருக்கு மனசு கேட்கவில்லை. எல்லா மூடியிலும் கோணூசியால் ஒரு துளை போட்டுவிட்டார்.

மறுவாரம் வந்து பார்த்தால், சேற்றின் மேல் நின்ற தண்ணீர் பாட்டிலுக்குப் பாட்டில் இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. காற்று புகுந்தால் சிவக்கும் மருந்து அதில் இருந்தது. "புழுங்குமேன்னு பாத்தேன்" என்றார். காற்றுதான் அவற்றுக்கு நஞ்சு என்று அவள் விளக்கினாள். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த முறை, டேங்க் கிடந்த குழியின் ஆழத்திலிருந்தே மண் எடுத்தார்கள். "நம்ம அழுக்குல பொறந்த பசங்க" என்று அவர்தான் பெயர் வைத்தார். ஒவ்வொரு மூடியிலும் வெண்மதி ஒரு கண்ணாடி ஊசிக்குழலைச் செருகினாள். உள்ளே எண்ணெய் கரைந்து வாயு சேரச் சேர, குழலின் தண்டு தானாக மேலேறும். அவர் அதைப் பிஸ்டன் என்றார். தினமும் காலையில் விளக்குப் போடாமல் உள்ளே போய், குட்டி வால்வைத் திறந்து, பிஸ்டனை அமுக்கி, மூடிவிட்டு வருவார். மறுநாள் அது ஒரு மயிரிழை ஏறியிருக்கும். யாரும் தொடவில்லை, எதுவும் அசையவில்லை, ஏறியிருக்கும்.

ஒருநாள் பின்வாசலில் நின்று எட்டிப் பார்த்த மாரியம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். "உள்ள யாரோ இருக்கற மாரியே இருக்குதுண்ணே" என்றாள். ஆளில்லை, பசங்கதான் என்றார் அவர். பட்டறைக்கும் கிணற்றுக்கும் நடுவே குழாய் இறக்கி, பசங்களில் பாதியை மண்ணுக்குள் அனுப்பினார்கள். மெல்ல மெல்லக் கிணற்று வாடை குறைந்தது. வாடை போனால் மட்டும் போதாது, பரிசோதனை சொல்லாமல் குடிக்கக் கூடாது என்று வெண்மதி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

சொன்னபடியே அந்தத் திங்கட்கிழமை அவர் சிதம்பரம் போனார். பஸ்ஸில் அல்ல, ஆம்புலன்ஸில். ஆயுள் முழுக்கப் புகை குடித்த நுரையீரல். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் முகமூடியை இழுத்து இழுத்து எடுத்தார். நர்ஸ் அதட்டினாள். வெண்மதி மறுபடி மாட்டப் போனபோது அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் பாப்பா. காத்து பட்டா செத்துடும்."

உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. அது சிரிப்புதானா என்று அவளால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அவள் பின்வாசல் வழியே பட்டறைக்குள் போனாள். அமுக்க ஆளில்லாமல் எல்லாப் பிஸ்டன்களும் உச்சியில் நின்றன. வால்வைத் தொடாமல் ஒன்றை விரலால் அமுக்கினாள். அடியிலிருந்து அது திருப்பி அமுக்கியது. கையை எடுத்தாள். மெதுவாக, பழைய இடத்துக்கே வந்து நின்றது.

வீட்டு ஃபிரிட்ஜில் அந்தப் பாட்டில் அவர் துண்டில் சுற்றியபடியே இருந்தது. கெடு தாண்டிய தண்ணீர். எந்த லேபும் வாங்காது. அதை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தபோது மாரியம்மாள் வாளியைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தாள். கைப்பிடிச் சுவரின்மேல் ஒரு பித்தளைச் சொம்பு, புளி போட்டு விளக்கியது, கவிழ்த்திருந்தது.

"அண்ணன் கேக்கும்னு எடுத்து வச்சிருந்தேன்" என்றாள்.

வெண்மதி பழைய தண்ணீரைக் கொட்டினாள். புது வாளிக்குள் முழங்கைவரை கையை விட்டு, கட்டைவிரலால் வாயை அடைத்தாள். மாரியம்மாள் மூடியை நீட்டினாள். திருகி, வெளியே எடுத்துக் கவிழ்த்தாள். சின்னதாக ஒரு குமிழி மேலே ஓடியது.

கொட்டிவிட்டு, மறுபடியும் கையை உள்ளே விட்டாள்.