அன்னக்கொடி தோட்டத்துக்கு யாரும் போகவில்லை

மன்னவனூர் தாண்டி பஸ் வளைவு ஏறும்போது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் பக்கம் இருந்தவள் எங்கள் ஊர் பூண்டிக்கு வாக்கப்பட்டு வந்து பத்து நாள்கூட ஆகாத பெண். நான் ஜன்னலை எட்டுவதற்குள் அவள் புதுச்சேலை மடியிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "யாரும்மா அது, சொல்லக் கூடாதா?" என்று எரிந்து விழுந்தார்.

"நாந்தாண்ணே. மலை ரோடு பழக்கமில்ல" என்றாள் அவள்.

சொல்லிவிட்டு என் உள்ளங்கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து மூடினாள். பூம்பாறையில் பஸ் நின்றதும் குழாயடியில் முன்கொசுவத்தை அலசிவிட்டு ஈரத்தோடு வந்து உட்கார்ந்தாள். கொடைக்கானல் போய்ச் சேரும்வரை அந்தக் குளிரில் நடுங்கிக்கொண்டே வந்தாள். முன்சீட்டில் இருந்த அவள் புருஷன் பழனிக்குமார், "முதல் பயணத்துலயே மானத்த வாங்கிட்ட" என்று சிரித்தபோதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அதுதான் அன்னக்கொடி. அவள் தோட்டமும் என் தோட்டமும் ஒரே வரப்பு.

எங்கள் ஊரில் பூண்டு வெள்ளாமைக்குக் கூலிக்கு ஆள் பிடிப்பது குறைவு. மாத்தாள் வேலைதான். இன்றைக்குப் பத்துப் பெண்கள் உன் தோட்டத்தில் இறங்கினால், அந்தப் பத்துப் பேர் தோட்டத்துக்கும் நீ ஒவ்வொரு நாள் போக வேண்டும். பிடுங்குவது, தாள் கட்டுவது, புகை போடும் கொட்டகையில் தொங்கவிடுவது எல்லாம் இப்படித்தான் நடக்கும். போகாதவள் தோட்டத்துக்கு ஆள் வராது. அதில் கோபம் கிடையாது, வழக்கம் அப்படி.

அன்னக்கொடிக்குக் கல்யாணமாகி ஐந்தாவது வருசம் மகள் சுபஸ்ரீ பிறந்தாள். முருகன் கொடுத்த பிள்ளை என்று நான்தான் முதலில் திருநீறு பூசினேன். சிவந்த, அழகான பிள்ளை. மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. அங்கன்வாடியில் எல்லாப் பிள்ளைகளும் விளையாட, இவள் சுவரோரம் நின்று கதவின் கொண்டியை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பாள்.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார்கள். இது நோய் இல்லை, பிள்ளையின் மூளை வேறு மாதிரி வேலை செய்கிறது, பயிற்சி கொடுத்தால் தேறி வருவாள் என்று டாக்டர் சொன்னாராம். பழனிக்குமார் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"எங்கப்பா அஞ்சு வயசுலதான் பேசுனாரு. இதுக்குப் போயி காயிதமும் கத்திரிக்காயும்" என்றார்.

அவர் கொடைக்கானலில் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறவர். வாரம் ஒருமுறை வந்தவர், சீசன் என்று சொல்லி மாதம் ஒருமுறை ஆக்கிக்கொண்டார். வந்தாலும் பிள்ளை அவர் முகத்தைப் பார்க்காது. அவர் பிள்ளைக்கு வாங்கிவந்த பொம்மையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு சாயந்திரம்வரை இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கெட்ட மனுசன் இல்லை.

பூம்பாறை முருகன், வேலப்பரிடம் நேர்ந்துகொள் என்று அன்னக்கொடியிடம் சொன்னேன். கூடவே போனேன். சத்தம் கேட்டால் பிள்ளை மிரளும் என்று வெள்ளனே, கூட்டம் சேரும் முன்னே அதையும் தூக்கிக்கொண்டு போனோம். கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள். என்ன வேண்டினாய் என்று வெளியே வந்து கேட்டேன்.

"நாம நிக்கிற வரைக்கும் யாரும் மணிய அடிச்சிரக் கூடாதுன்னு வேண்டுனேன்க்கா."

"இதுக்கா வேலப்பரு?"

"அடிக்கலைல்ல. கேட்டதக் குடுத்துட்டாரு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அந்த வருசம் வீரம்மாள் தோட்டத்தில் பூண்டு பிடுங்கும்போதுதான் அது நடந்தது. வீரம்மாளுக்குக் குரலும் பெரிது, மனசும் பெரிது. பதினோரு பேர் இறங்கியிருந்தோம். அன்னக்கொடி பிள்ளையை வரப்பில் குடைக்கடியில் உட்காரவைத்திருந்தாள். பிள்ளை ஒரு பூண்டுத் தாளைக் கண்ணருகே பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

"ஏ அன்னம், ஒம்மக என்னத்தா, எங்களைப் பாத்தா மாமியாரப் பாத்த மாதிரி மூஞ்சியத் திருப்புறா?" என்றாள் வீரம்மாள்.

"மாமியாள இப்பவே அடையாளம் தெரிஞ்சிருச்சு போல" என்றாள் ஒருத்தி.

எல்லாரும் சிரித்தோம். வீரம்மாள் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கி மேலே போட்டுப் பிடித்தாள். நாங்கள் கைதட்டினோம். ஆசையில் செய்ததுதான். பிள்ளை வீரம்மாள் தோளைக் கடித்துவிட்டுக் கீழே விழுந்து தலையைக் கல்லில் மோத ஆரம்பித்தது. அன்னக்கொடி தன் உள்ளங்கையைக் கல்லுக்கும் தலைக்கும் நடுவே வைத்துக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே. எல்லாரும் சுற்றி நின்றோம். என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவள் பிள்ளையைச் சேலைக்குள் பொதிந்து எடுத்துக்கொண்டு போனபோது அந்தக் கை வீங்கிக் கன்றிப் போயிருந்தது.

அதற்குப் பிறகு அவள் மாத்தாளுக்கு வரவில்லை.

அன்று சாயந்திரமே வீரம்மாள் அழுதாள். "பச்சப்புள்ளைய மெரட்டிட்டேனே. இனிமே நாம கூட்டமா அது கண்ணுல படக் கூடாதுத்தா" என்றாள். எல்லாருக்கும் அது சரி என்று பட்டது. அவள் வீட்டுப் பக்கம் போனால் பேச்சைக் குறைத்தோம். பிறகு அந்தப் பாதையில் போவதையே விட்டோம். பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தோம். அவளிடம் இதை யாரும் சொல்லவில்லை.

நான் மட்டும் எப்போதாவது எட்டிப் பார்ப்பேன். ஒருநாள் புகைக் கொட்டகையில் இருந்தாள். மேலே முந்தின போகத்துப் பூண்டுக் கட்டுகள் தொங்க, பிள்ளை கையைத் தூக்கி ஒவ்வொரு தாளாகத் தொட்டுக்கொண்டே நடந்தது. அவளும் பின்னாலேயே ஒன்றும் பேசாமல் தொட்டுக்கொண்டு நடந்தாள். ஒரு சுற்று முடிந்ததும் பிள்ளை நின்று அவள் காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டது.

"இம்புட்டுத்தான்க்கா எங்க பேச்சு" என்றாள். பிறகு, "திண்டுக்கல்ல இந்த மாதிரிப் புள்ளைகளுக்குப் பயிற்சி குடுக்காங்க. இப்ப நிக்கிற வெள்ளாமை மட்டும் ஒழுங்கா வீடு வந்துட்டா, இங்கனயே இருந்துக்கிட்டு வாரம் ஒருக்கா கூட்டிட்டுப் போயிட்டு வந்துருவேன். இல்லேன்னா ஒட்டஞ்சத்திரத்துல எங்க அக்கா வீட்டோட போயிர வேண்டியதுதான்" என்றாள்.

"வரும்த்தா. முருகன் இருக்கான்" என்றேன்.

ஆவணியில் அவள் பூண்டு முற்றித் தாள் மஞ்சளாகிச் சாய்ந்தது. மேற்கே மேகம் கட்டி நின்றது. மூன்று நாளில் பிடுங்கியாக வேண்டும். பத்துப் பேர் வேலை அது. பிள்ளை காட்டுக்குள் போய்விடக் கூடாது என்று ஒரு பழைய சேலையால் பிள்ளை இடுப்பையும் தன் இடுப்பையும் முடிந்துகொண்டு, அவள் ஒருத்தியாகப் பிடுங்கினாள். மண்ணை உதறினாள். பிள்ளை நகர்ந்தால் அவளும் நகர்ந்து, அங்கே இருப்பதைப் பிடுங்கினாள்.

இரண்டாம் நாள் களைக்கொத்தோடு வரப்புவரை போனேன். பிள்ளை அமைதியாக மண்ணை அள்ளி விரல் வழியே விட்டுக்கொண்டிருந்தது. நான் இறங்கினால் அலறுமே, அப்புறம் அவள் அதைச் சமாதானம் செய்வாளா, பூண்டு பிடுங்குவாளா? அப்படி நினைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அன்னக்கொடி தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. மாத்தாளுக்கு வராதவள் எப்படிக் கூப்பிடுவாள்? நான் திரும்பி வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானமே மழை இறங்கியது. ஆறு நாள் விடவில்லை. பாதிக்குமேல் மண்ணுக்குள்ளேயே அழுகிப்போனது. அந்தப் பக்கம் காற்றடித்தால் எங்கள் வீடுவரை வாடை வந்தது. விளக்கேற்றி உட்கார்ந்தால் எனக்கு மனசில் வேலப்பர் முகம் நிற்கவில்லை, வரப்பிலிருந்து நான் திரும்பியதுதான் நின்றது.

புரட்டாசி முதல் வாரம் காலை பஸ்ஸுக்கு இரண்டு பைகளோடு நின்றாள். பழனிக்குமார் கொடைக்கானலில் வந்து அக்கா ஊர் பஸ்ஸில் ஏற்றிவிடுவாராம். நான் ஓடிப்போய் ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தேன். பிள்ளை அதை வாங்கி மூக்கருகே வைத்துக்கொண்டது. டிரைவர் ஹாரன் அடித்ததும் அவள் இரண்டு கையாலும் பிள்ளையின் காதைப் பொத்தினாள். பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "அன்னம், நாங்க ஒன்னய ஒதுக்கலத்தா. புள்ளைக்குக் கூட்டம் ஆகாதுன்னுதான் யாரும் வரல" என்றேன்.

அவள் ஜன்னல் வழியே என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. பஸ் நகர்ந்தது.

"புள்ளைக்குத்தானக்கா ஆகாது," என்றாள். "எனக்கு ஆகும்ல."