தொலையாத தோட்டைத் தேடிய ஞாயிறு

ஜியோகேச்சிங் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தவர்கள் எனக்கும் கொஞ்சம் சொல்லுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் ஆடிவிட்டு வந்தும் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கூட்டிப்போனவள் என் மருமகள் சூ லிங். சீனப் பெண். மகனுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகிறது. தங்கமான பெண், குறையே சொல்ல முடியாது. ஆனால் எங்கள் பேச்சு இரண்டே வரி. "மா, ஈட்டன் ஆல்ரெடி?" "ஈட்டன், ஈட்டன்." சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சு, அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருவரும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மூன்றாவது வரி எப்போது வருமோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே கவலை. அதனால்தான், "சண்டே என்னோடு வெளியே வருகிறீர்களா?" என்று அவள் கேட்டதும், எங்கே, எதற்கு என்று கேட்காமலே தலையாட்டிவிட்டேன்.

ரயிலில் விளக்கினாள். யாரோ ஒருவர் ஒரு சின்ன டப்பாவை எங்கேயாவது ஒளித்துவைப்பாராம். இடத்தை ஃபோன் ஓரளவு காட்டும். கண்டுபிடித்தால் உள்ளே இருக்கும் சீட்டில் பேர் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். பரிசு? கிடையாது. டப்பாவாவது நமக்கா? இல்லை. அப்புறம் எதற்குத் தேடுவது... கேட்கவில்லை. மாமியார் இல்லையா, நல்ல பேர் வாங்க வேண்டாமா?

முக்கியமான விதி ஒன்று - வெளியாட்களுக்கு விஷயம் தெரியக் கூடாது.

லிட்டில் இந்தியாவில் இறங்கினோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஃபோனில் அம்புக்குறி ஒருமுறை பூக்கடையைக் காட்டியது, மறுமுறை என்னையே காட்டியது. சூ லிங் ஒரு பக்கம் போக, நான் பூக்கடையை ஒட்டிய கம்பித் தடுப்பின் கீழே குனிந்து பார்த்தேன்.

"என்னக்கா தேடுறீங்க?" - பூக்கடைக்காரம்மா.

உண்மையைச் சொல்லக் கூடாதே. வாயில் வந்ததைச் சொன்னேன். "தோடு."

"அய்யோ, தங்கமா?"

அந்த ஒரு வார்த்தை போதாதா? கத்திரிக்காய் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். இரண்டு தம்பிகள் ஃபோன் லைட்டைப் போட்டுக் கால்வாய்க்குள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கோ இரண்டு காதிலும் தோடு தொங்குகிறது. சுவர்ப் பக்கம் திரும்பி ஒன்றைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டேன். வேறென்ன செய்ய?

யாரோ சூ லிங்கிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள். ஓடி வந்தாள். என் காதைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. "மா, டோன்ட் வொர்ரி. வீ வில் ஃபைன்ட்," என்று சொல்லிவிட்டு, வெள்ளை பேன்ட்டோடு ஈரத் தரையில் முட்டி போட்டு, பூ வைத்திருந்த வாளிக்கு அடியில் கையை விட்டாள். காதோடு காதாக உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால் சுற்றிலும் ஆள். எந்த மொழியில் சொன்னாலும் அங்கே யாருக்காவது புரியும்.

அப்போது பெரியவர் கம்பியின் அடியிலிருந்து காந்தம் ஒட்டிய ஒரு குட்டி டப்பாவைப் பிடுங்கினார். "சே, இது குப்பை லா," என்று பக்கத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்.

நாங்கள் தேடி வந்ததே அதுதான். சூ லிங் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாளியை நகர்த்திக்கொண்டிருந்தாள். இனிமேல் தாங்காது என்று கைப்பையைத் திறந்தேன்.

"அட, பைக்குள்ளேயே கிடக்குது!" என்று தோட்டை எடுத்துக் காட்டினேன்.

"நல்லா தேடினீங்க போங்க," என்றார் பூக்கடைக்காரம்மா. பிறகு ஒரு முழம் மல்லிகையை அறுத்துச் சூ லிங் தலையில் வைத்துவிட்டார். "உங்க மருமக முட்டி போட்டுத் தேடுறா. என் மருமக ஃபோனை விட்டு நிமிரவே மாட்டா."

கூட்டம் கலைந்ததும் எல்லாவற்றையும் சூ லிங்கிடம் சொன்னேன். என்னையே பார்த்தாள். கோபமோ என்று பயந்துவிட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் இரண்டு பேரும் குப்பைத் தொட்டிக்குள் கையை விட்டோம்.

பூக்கடையிலிருந்து குரல் வந்தது. "இப்ப என்னக்கா தொலைச்சீங்க?"

சீட்டில் இருவர் பேரையும் எழுதி, டப்பாவைப் பழைய இடத்தில் ஒட்டிவிட்டு வந்தோம். பிடோக்கில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும்வரை சூ லிங் வாய் மூடவில்லை. வேகமாகப் பேசினாள், பாதி புரியவில்லை. கேட்டுக்கொண்டே வந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த ஞாயிறு டப்பா தேடக் குவீன்ஸ்டவுன் பக்கம் போகிறோமாம். ஒரு காதில் மட்டும் தோடு போட்டுக்கொண்டு கிளம்பலாம் என்றிருக்கிறேன்.