வேருக்கு ஒரு மாவுக்கட்டு

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் மாவுக்கட்டு அக்கா. உடைந்த கை கால்களுக்குக் கட்டுப்போடும் அறையில் முப்பத்தொரு வருஷம். ஓய்வு பெற்ற மறுவாரமே கார் கொட்டகைக்குள் மரம் அறுக்கும் பட்டை ரம்ப மெஷின் ஒன்றை வாங்கி நிறுத்திவிட்டார். கார் வெளியே வெயிலில் காய்கிறது. வீட்டுக்காரருக்கு வருத்தம்தான், ஆனால் அந்த வீட்டில் அவர் பேச்சு எடுபட்டு எத்தனையோ காலமாயிற்று.

ஒரு விஷயத்தில் மட்டும் மனிதர் பிடித்த பிடியில் நின்றார். போன மாதம் ஒரு வேர்க்கட்டையை அறுக்கும்போது அது புரண்டு, ரம்பப் பட்டை அறுந்து தெறித்தது. அக்காவின் கட்டைவிரல் பத்து நாள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடந்தது.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா மெஷினை வந்த விலைக்குத் தள்ளிடுவேன். சொல்லிட்டேன்."

அடி தட்டையாக இல்லாத கட்டையை வெறுங்கையால் பிடித்து ரம்பத்தில் தள்ளுவது சுத்த முட்டாள்தனம் என்று அக்காவுக்கே தெரியும்.

ஆனால் அந்த வேரை விடவும் மனசில்லை. கூடவே இருக்கும் தங்கைக்கு முடக்குவாதம்; வலது கை விரல்கள் மடங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. கடைக் கைத்தடி எதுவும் அந்தக் கைக்குள் அடங்கவில்லை. துணை இல்லாமல் அவள் வாசல் தாண்டி ஒரு வருஷம் ஆகிறது. அந்த வேரின் வளைவை ஒருநாள் சும்மா பிடித்துப் பார்த்தாள், கை அப்படியே உட்கார்ந்துவிட்டது. இரும்பு மாதிரி வேர், அதில் இருப்பதே ஒரு வளைவு. அறுப்பு கோணினால் போச்சு.

மூன்று நாள் அக்கா வேரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிடிப்பானில் மாட்டினால் நழுவியது, ஆப்பு வைத்தால் ஆடியது. நான்காம் நாள் காலையில் தலையில் அடித்துக்கொண்டார். ஆடுகிற எலும்பை ஆடாமல் நிறுத்தத்தானே அவருக்கு இத்தனை வருஷம் சம்பளம் கொடுத்தார்கள்!

தடித்த பலகையில் வேரைக் கிடத்தினார். ரம்பம் போகும் வழியைக் கோடிட்டு, அதற்குத் தள்ளிப் பலகையின் அடியிலிருந்து இரண்டு திருகாணி முடுக்கினார். சந்துகளில் மாவைக் குழைத்து அடைத்தார். கோட்டை மட்டும் விட்டு, நனைத்த மாவுத்துணியால் வேரையும் பலகையையும் சேர்த்து இறுக்கிச் சுற்றினார்.

"எக்ஸ்ரே எடுத்தாச்சா?" என்றார் வீட்டுக்காரர்.

"எடுக்கணும்னா உங்க தலையை எடுக்கலாம். உள்ளே ஏதாவது இருக்கான்னு தெரியும்."

இரண்டு நாள் காயவிட்டார். பிறகு புதுப் பட்டை மாட்டி, வளையல்களைக் கழற்றி, கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொண்டு வந்தால், ஸ்விட்ச் பக்கத்தில் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நீ அறு. ஏதாவதுன்னா நான் அமத்திடறேன்."

அக்காவின் இரண்டு கையும் பலகையின் ஓரத்தில்தான் இருந்தன. அவசரப்படாமல் தள்ளினார். ரம்பம் முனகிற்று, அடங்கிற்று, மறுபடி முனகிற்று. வேர் இம்மிகூட அசையவில்லை. கோட்டின் மேலேயே இரண்டாகப் பிளந்து விழுந்தபோது ஸ்விட்சை அணைத்தவர், "சரியான பொம்பளைதான்," என்றார்.

இழைத்து, தேய்த்து, தடியில் பொருத்த இரண்டு வாரம் ஆயிற்று. தங்கை அதை ஊன்றி முற்றத்தில் ஒரு சுற்று வந்தாள். பிறகு நேராகப் போய் வெளிக்கதவைத் திறந்தாள்.

"இருடி, நானும் வரேன்," என்றார் அக்கா.

"நீ எதுக்கு? போய் உன் வேலையைப் பாரு."

தெருமுனை வரை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. அப்படி ஒரு சந்தோஷம்.