உச்சி ரிப்பன்

மாமா வளைகுடாவிலிருந்து கொண்டு வந்த பெட்டியில் எனக்குப் பிடித்த பொருள் எனக்காக வந்ததல்ல. கைக்கு அடக்கமான ஒரு வளையம், அதற்குள் சின்னச் சக்கரம், சக்கரம் சுற்றினால் எண் காட்டும் ஒரு திரை. அங்கே பெரிய கட்டடங்களில் ஏசி குழாய் மாட்டுவது அம்மாவின் தம்பியான அவருக்கு வேலை. அறைக்குப் போதுமான காற்று வருகிறதா என்று அந்த மீட்டரைப் பிடித்துத்தான் பார்ப்பார்களாம். விடுமுறைக்கு வந்தவர் பெட்டியில் வேலைக் கருவி எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அளக்கவே நேரம் போதவில்லை. வீட்டு மின்விசிறி, தக்கலைக்குப் போகும் பஸ்ஸின் ஜன்னல், கோழி சிறகடிப்பது என்று எல்லாவற்றையும் அளந்தேன். அம்மா மட்டும் அகப்படவில்லை.

“எனக்க மூச்ச அளந்து நீ என்ன செய்யப் போற? போய்ப் படி மக்கா.”

அந்தச் சமயத்தில்தான் மாமா பழைய மருந்தடிக்கும் மெஷின் ஒன்றை வாங்கினார். பெட்ரோல் இன்ஜினும் விசிறியும் சேர்ந்த கனத்த மெஷின்; நான்கு பேர் தூக்க வேண்டும். அதன் வாயிலிருந்து பாயும் காற்று மருந்தை ரப்பர் மரத்தின் உச்சி வரை கொண்டுபோக வேண்டும். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன் அடிக்காவிட்டால் இலையெல்லாம் கொட்டிவிடும். இலை போனால் பாலும் குறையும். குலசேகரத்துக்கு மேலே அப்பா பால் வெட்டிய தோட்டத்தின் முதலாளியிடம் மாமா வேலை கேட்டார். முதலாளி சுற்றி வளைத்துப் பேசவில்லை.

“மெஷினுக்க காத்து உச்சி எலைய அசைக்கணும். அசைஞ்சா தோட்டம் முழுக்க உனக்கு. இல்லேங்கி போன வருசம் அடிச்சவனுவளே வரட்டு.”

மெஷினின் பரீட்சை நாளன்று மரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை. காற்றே இல்லாத காலை. மருந்து ஊற்றாமல் வெறும் காற்றை மட்டும் விட்டார்கள். மாமா மெஷின் வாயில் மீட்டரைப் பிடித்தார். நான் அதுவரை பார்க்காத எண் வந்தது.

“இதுக்கு முன்ன ஒரு ஆளு நிக்க முடியாது மொதலாளி.”

“நான் மருந்தடிக்கச் சொன்னது ஆளுக்கில்லடே, மரத்துக்கு.”

உச்சியில் மீட்டரைப் பிடிக்க யார் ஏறுவது? மாமாவே வழி சொன்னார். பலாச்சக்கை பறிக்கும் கழையோடு இன்னொரு மூங்கிலைச் சேர்த்துக் கட்டி, அக்காவின் பள்ளிக்கூட ரிப்பன்களை அடியிலும் நடுவிலும் நுனியிலும் முடிந்தார்கள். சரிவின் மேல்தட்டில் நின்று அம்மா கழையை நிமிர்த்திப் பிடித்தாள். பால் எடுக்க வந்தவள், “நான் பிடிக்கியேன்” என்று தானே வாங்கிக்கொண்டாள்.

இன்ஜின் அலறியது. அடி ரிப்பன் பலகை போல விறைத்து நின்றது. நடு ரிப்பன் எழுந்து எழுந்து விழுந்தது. நுனி ரிப்பன் தொங்கியபடியே இருந்தது.

“இங்க இவ்வளவு காத்து அடிக்கே மாமா, மேல போறதுக்குள்ள அது எங்க போவுது?” என்று கத்திக் கேட்டேன். மாமா இன்ஜினை முழு வேகத்துக்கு முறுக்கினார். நுனி ரிப்பன் மெல்ல அசைந்தது. பிறகு ஆடியது. மாமாவின் முகத்தில் நான் பல நாளாகப் பார்க்காத சிரிப்பு.

அப்போது பார்த்து இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. தோட்டம் அமைதியானது. நுனி ரிப்பன் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் மற்ற இரண்டும் அதோடு சேர்ந்து ஆடின.

எல்லோரும் மேல்தட்டைப் பார்த்தார்கள். அம்மா வானத்தைப் பார்த்தாள்.

எனக்கு மட்டும் விஷயம் விளங்கிவிட்டது. மின்னலுக்குப் பிறகுதான் இடி கேட்கும் என்று அந்த வாரம்தான் டீச்சர் நடத்தியிருந்தார். “கீழ அடிச்ச காத்து இப்பத்தான் மேல வந்து சேருது” என்று எல்லோருக்கும் விளக்கினேன்.

முதலாளி தலைத்துண்டை எடுத்துக் கண்ணைத் துடைக்கும்வரை சிரித்தார்.

“கொள்ளாம்டே, உனக்க மெஷினு கொள்ளாம். நிறுத்துன பெறவும் காத்தடிக்கி.” பிறகு மேல்தட்டை இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்: “கீழச் சரிவுல எளம் மரம் நிக்கில்லா, அத நீ அடி. பெரிய மரத்துக்கு அவனுவ வரட்டு.”

பாதி வேலையாவது என் விளக்கத்தால்தான் கிடைத்தது என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அங்கே மருந்தடிக்கும் மெஷின் ஒன்றின் காற்றை அடி அடியாகத் தள்ளி நின்று அளக்க வைத்தார்கள். வாயிலிருந்து பாய்கிற காற்று, வழியில் சும்மா நிற்கிற காற்றையெல்லாம் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. இழுக்க இழுக்கத் தன் வேகத்தை இழக்கிறது. எங்கேயும் காணாமல் போவதில்லை. மாமாவிடம் கத்திக் கேட்டதற்கு அன்று விடை கிடைத்தது.

ஆனால் தோட்டத்துப் பரீட்சை முடிந்து திரும்பும்போது நடந்ததை எந்த வகுப்பிலும் நடத்தவில்லை. மாமா, அம்மா, நடுவில் மீட்டரோடு நான்.

“உச்சி ரிப்பன் எப்பிடி ஆடிச்சுன்னு எனக்குத் தெரியும்க்கா.”

“கழை கனம்லா. கை ஆடிப்போச்சு.”

மாமா நடையைக் குறைத்தார்.

“கல்ஃபுக்கு இனி என்னைக் கூப்பிட மாட்டானுவன்னு அத்தான்ட்ட சொல்லிட்டியா?”

“இல்ல. சொல்லல்ல.”

அம்மா நின்று ஒரு மூச்சு விட்டாள். இதை விடக்கூடாது என்று மீட்டரைச் சட்டென்று அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். சக்கரம் சுற்றியது. எண்ணை இருவருக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தேன்.

இருவருமே சிரிக்கவில்லை. மீட்டர் பழுதாகிவிட்டதோ என்று நானும் ஒருமுறை ஊதிப் பார்த்தேன்.