சயாமா தட்டில் இருபது வீட்டுக் கறி

பாப்பா, தம்பி, நீங்கள் ரெண்டு பேரும் பர்மியத்தில் சண்டை போடும்போது அப்பாவுக்குப் பாதிதான் விளங்குகிறது. யார் யாரை முதலில் கிள்ளினார்கள் என்று தீர்ப்புச் சொல்ல வருவதற்குள் நீங்களே சமாதானமாகிவிடுகிறீர்கள். ஆனால் பாப்பா, உனக்கு ஒரு சொல்கூட பர்மியம் தெரியாத காலம் இருந்தது. தம்பி, நீ அப்போது அம்மா வயிற்றில் இருந்தாய். அக்காவைப் பள்ளியில் சேர்க்க நாங்கள் பட்ட பாட்டை உங்களுக்காக எழுதுகிறேன்.

விருதுநகரில் பருப்பு மில்லில் வேலை பார்த்த என்னை, முதலாளி ரங்கூனுக்கு அனுப்பினார். இங்கே விளையும் உளுந்தையும் துவரையையும் தரம் பார்த்து ஊருக்கு அனுப்ப வேண்டும். மூட்டையில் கம்பியைக் குத்தி, உள்ளங்கையில் கொட்டி, பல்லில் கடித்துப் பார்ப்பதுதான் என் படிப்பு. பாப்பா, அம்மாவும் நீயும் பின்னால் வந்தீர்கள். நகரின் பபேடான் பகுதியில் ஐந்தாவது மாடி வீடு. லிஃப்ட் கிடையாது.

எல்லா வீட்டுப் பால்கனியிலிருந்தும் தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும், பார்த்திருக்கிறீர்களே. கீழே யாராவது காய்கறிப் பையை மாட்டினால் மேலே இழுத்துக்கொள்ளலாம். பாப்பா, நீ அந்தக் கயிற்றில் பிஸ்கட் கட்டி இறக்குவாய். தெருவில் விளையாடும் பிள்ளைகளைப் பார்த்து, "மேல வாங்க, விளையாடலாம்!" என்று தமிழில் கத்துவாய். அவர்கள் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். நீ வெறும் கயிற்றை இழுத்து, மறுபடியும் பிஸ்கட் கேட்பாய்.

"இவளுக்குப் பேச ஒரு ஆள் வேணுங்க. நானும் இனிமே இந்தப் படியில ஏறி எறங்க முடியாது" என்றாள் அம்மா. டாக்டர் அவளைப் படி ஏறக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

தேடக் கிளம்பினேன். முதலில் பார்த்த பள்ளியில் குளிர்சாதனம், சின்ன நீச்சல் தொட்டி எல்லாம் இருந்தன. கட்டணத்தை டாலரில் சொன்னார்கள். நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். இரண்டாவதில் கட்டணம் பாதி, ஆனால் அங்கே பிள்ளைகள் ஆங்கிலம்தான் பேச வேண்டுமாம். நம் தெருவில் யார் ஆங்கிலத்தில் பாண்டி ஆடுகிறார்கள்?

மூன்றாவது மாடி அக்காவைத் தெரியுமில்லையா? நாலு தலைமுறையாக இங்கேயே இருக்கிற தமிழ்க் குடும்பம். அவர் படியில் என்னை மறித்தார். "நம்ம தெருப் பிள்ளைங்க போற மூச்சோ ரெண்டு தெரு தள்ளி இருக்கு. அத விட்டுட்டு டாக்ஸி புடிச்சு எங்க தம்பி அலையுறீங்க?"

மூச்சோ என்றால் இங்கே மழலையர் பள்ளி. அக்காவே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம். வாசலில் விரல் நீளச் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே பிள்ளைகள் கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு பாயில் படுத்துத் தூங்கினார்கள். ஒன்றிரண்டு மட்டும் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தன.

சயாமா, அதாவது ஆசிரியை, அம்மாவைவிடக் கொஞ்சம் பெரியவர். பிறப்புச் சான்றிதழை நீட்டினேன், வாங்கவில்லை. என்ன கிழமையில் பிறந்தாள் என்று கேட்டார். தேதி சொன்னேன். தேதி வேண்டாம், கிழமை! கைப்பேசியில் பழைய நாட்காட்டியைத் தேடி, புதன் என்றேன். உடனே அடுத்த கேள்வி: காலைப் புதனா, மாலைப் புதனா? இந்த ஊரில் புதன்கிழமை ரெண்டு கிழமை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசியாக ஒன்று கேட்டார். மூன்றாவது மாடி அக்கா தமிழில் சொன்னார்: "பிள்ளை தானா ஸ்பூன் புடிச்சுச் சாப்பிடுமான்னு கேக்குறாங்க. இருபது பிள்ளைக்கு இவங்க ரெண்டே பேரு. ஊட்டி விட ஆள் இல்லையாம்."

"சாப்பிடுவா" என்றேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். நிலாவைக் காட்டி, பஸ்ஸைக் காட்டி அம்மா உனக்கு ஊட்டுவதை அவர் தினமும் கீழேயிருந்து பார்க்கிறவர். ஆனாலும் காட்டிக்கொடுக்கவில்லை. பத்துப் பள்ளி நாள் பார்ப்போம், சாப்பிட்டால் இடம், இல்லாவிட்டால் வருத்தப்படக் கூடாது என்று சயாமா சொல்லிவிட்டார்.

முதல் மூன்று நாள் சாப்பாட்டு டப்பா போனது போலவே திரும்பி வந்தது. அம்மாவுக்கு அழுகை. நான்காம் நாள் பாதி காலி. ஐந்தாம் நாளும் பாதி. எனக்கு ஒரே சந்தோஷம். அது வெள்ளிக்கிழமை. அன்று மாலை சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா பிசைந்து உருட்டுவதற்குள், பாப்பா, நீ உன் தட்டிலிருந்து ஒரு ஸ்பூன் உருளைக்கிழங்கை அள்ளி என் தட்டில் போட்டாய்.

"அடி கள்ளி! பிடிக்காதத அப்பா தலையில கட்டுறியா?" என்று சிரித்துக்கொண்டே திருப்பி உன் தட்டில் வைத்தேன். நீ மறுபடி அள்ளினாய். மறுபடி வைத்தேன். மூன்றாம் முறை எனக்குக் கோபம் வந்துவிட்டது. டப்பாவில் காலியான பாதியும் இப்படித்தான் வேறு யார் தட்டுக்கோ போகிறது என்று நினைத்தேன். உன் கையிலிருந்த ஸ்பூனைப் பிடுங்கி வைத்தேன். அம்மா ஊட்டினாள். நீ விழுங்காமல் கன்னத்திலேயே அடக்கிக்கொண்டு அழுதாய்.

திங்களும் செவ்வாயும் டப்பா நிறைந்தே திரும்பியது. செவ்வாய் மாலை சயாமாவிடமிருந்து ஆள் வந்தது. நாளை மதியம் தகப்பனார் வந்து பார்க்கட்டும்.

"அவ்வளவுதான், வேண்டாம்னு சொல்லப்போறாங்க" என்றாள் அம்மா.

"சொல்லட்டும், பாத்துக்கலாம்" என்றேன். என்னத்தைப் பார்த்துக்கொள்வது?

புதனன்று அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். மழை அடித்து ஊற்றியது. உள்ளே போகாமல் ஜன்னலோரம் நின்று பாருங்கள் என்றார்கள். பிள்ளைகள் தாழ்வான மேசையைச் சுற்றி உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்கள். சயாமா நடுவில் ஒரு தட்டோடு உட்கார்ந்திருந்தார். தட்டில் வெறும் சோறு. ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து போய், தன் டப்பாவிலிருந்து ஒரு ஸ்பூன் அள்ளி அதில் வைத்தது. மீன் ஒரு துண்டு, பூசணி ஒரு துண்டு, முட்டை பாதி, ஏதோ கீரை.

நீயும் ஸ்பூனில் அள்ளினாய். எழுந்தாய். என்ன நினைத்தாயோ, அப்படியே உட்கார்ந்து ஸ்பூனை டப்பாவிலேயே கவிழ்த்தாய். கையை மடியில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஏங்க்கா, மிச்சத்த எல்லாம் ஏன் டீச்சர் தட்டுல போடுறாங்க?" என்று கேட்டேன்.

"மிச்சமா? நல்லா கேட்டீங்க போங்க! இன்னும் ஒருத்தரும் வாயில வைக்கலையே தம்பி, அதுக்குள்ள மிச்சம் எங்கேர்ந்து வரும்? மொத ஸ்பூன் பெரியவங்களுக்கு. வச்சுட்டுத்தான் சின்னது சாப்பிடும். எங்க வீட்டுலயும் அப்படித்தான். எம் மருமக ஒரு நாள் எனக்கு வைக்க மறந்தா, அன்னிக்கு நான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவேன்ல."

வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அடப் பாவி மனுசா, மரியாதை செஞ்ச பிள்ளைகிட்ட ஸ்பூனப் புடுங்குனீங்களா?"

பெரியவருக்கு வைக்காமல் சாப்பிடக் கூடாது என்று சயாமா சொல்லிக்கொடுத்தார். வைக்கக் கூடாது என்று அப்பா நான் பிடுங்கினேன். மூன்றரை வயதுப் பிள்ளை என்ன செய்யும்? ரெண்டும் வேண்டாம் என்று சும்மா இருந்துவிட்டது.

பிள்ளைகள் படுத்ததும் சயாமாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், வீட்டில் ஊட்டித்தான் வளர்க்கிறோம் என்பது உட்பட. அக்கா மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"முதல் நாளே தெரியுமாம்" என்றார் அக்கா. "குருவிக்குஞ்சு மாதிரி வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்திருந்துச்சாம். நாலாம் நாள் தானா எந்திரிச்சு வந்து தட்டுல வச்சப்ப, இவங்கதான் கைதட்டுனாங்களாம்."

"சயாமா வெறும் சோறுதான் கொண்டு வருவாங்களா?" என்று கேட்டேன். எனக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது.

கறி வீட்டில் சமைப்பதே இல்லையாம். தினம் இருபது வீட்டுக் கறி கிடைக்கிறதே! எந்த வீட்டில் உப்புக் கூடுதல், எந்த வீட்டில் எண்ணெய் குறைச்சல் என்று எல்லாம் தெரியுமாம். "உங்க வீட்டுக் கறில கடுகு பல்லுல மாட்டுதாம்" என்றார் அக்கா. அப்புறம் சயாமா சிரிப்பை நிறுத்தி, வெள்ளி வரைக்கும் பார்ப்போம் என்றார்.

அன்று மாலை தட்டோடு உன் எதிரில் உட்கார்ந்தேன். அம்மா உருண்டை உருட்டக் கை நீட்டினாள்.

"கொஞ்சம் இரு."

"பிள்ளைக்குப் பசிக்குதுங்க."

"எனக்கும்தான் பசிக்குது. இரு."

என் தட்டை உன் பக்கம் தள்ளி வைத்தேன். நீ தட்டைப் பார்த்தாய், என் கையைப் பார்த்தாய். பிடுங்குவேனோ என்று பார்த்தாய், பாப்பா. அதை நான் மறக்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். வெகுநேரம் கழித்து ஒரே ஒரு பீன்ஸ் துண்டு வந்து விழுந்தது. எடுத்து வாயில் போட்டேன். உடனே அம்மாவுக்கு ஒன்று. அப்புறம் நீயே அள்ளி அள்ளிச் சாப்பிட்டாய். பாதி பாவாடையில், பாதி தரையில். அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை உன்னைக் கூட்டிவரப் போனபோது, சயாமா டப்பாவைத் திறந்து காட்டினார். அடியில் நாலு பருக்கை. பதிவு நோட்டை எடுத்து, என்னிடம் பேனாவை நீட்டினார். நீ உள்ளேயிருந்து ஒரு பிள்ளையைப் பார்த்து ஏதோ கத்தினாய். அது திரும்பக் கத்தியது. என்ன சொன்னாய் என்று எனக்குப் புரியவில்லை. வாசலில் நின்று ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

மறுநாள் மதியம் கிடங்கில் ஆட்கள் எல்லாரும் டீக்கடைக்குப் போய்விட்டார்கள். உளுந்து மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பாட்டைத் திறந்தேன். உன் கை பட்ட பாட்டைத் தெரிந்துகொள்ள ஒரு ஸ்பூனை எடுத்து, வலது கைக்குப் பழக்கம் இருக்கிறதே என்று இடது கையில் பிடித்தேன். சாம்பார் சோற்றை அள்ளி, சிந்தாமல் வாய்க்குக் கொண்டு போக முடிகிறதா என்று பார்த்தேன். முதல் வாய் சட்டையில் விழுந்தது. ரெண்டாவது மூக்கில் இடித்தது. டப்பா காலியாகும்வரை அப்படியே சாப்பிட்டேன். பிறகு குனிந்து, தரையில் சிந்தியதைப் பொறுக்கினேன்.