ஓடாவி செய்த வௌவால் பெட்டி

யுத்த காலத்தில் தூத்துக்குடியில் மலேரியாவுக்குத் தரும் கொயினா மாத்திரை கிடைப்பது அரிது. என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். ஒருநாள் விட்டு ஒருநாள் மாலை நான்கு மணிக்குக் குளிர்க்காய்ச்சல் வரும். மூன்று போர்வை போட்டாலும் கட்டில் ஆடும். பதினொரு முறை வந்திருந்தது. காலண்டரில் குறித்து வைத்திருந்தேன்.

அவள் அண்ணன் செம்மணல் தேரிக்காட்டிலிருந்து வந்தார். அங்கே கொசு குறைவு.

"அனுப்பி வைங்க மாப்ள. இங்கன கெடந்தா பிள்ளைக்கு ஆகாது."

மாட்டுவண்டியில் பதினெட்டு மைல் குலுங்க வேண்டும். அவளுக்கும் போக மனமில்லை. பதினைந்து நாள் தவணை கேட்டேன்.

கொசு தின்னும் சிறு வௌவால்களை மரப்பெட்டி கட்டி வரவழைக்கலாம் என்று ஆபீசில் கிடந்த ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். படகு கட்டும் ஓடாவி ஒருவரைப் பிடித்தேன். துறைமுகத்தில் கழித்துப்போட்ட பெட்டிப் பலகைகள் ஏழு, ஆணி அறுபத்திரண்டு. நான்காம் நாள் புறவாசல் கிணற்றருகே பத்தடிக் கம்பத்தில் ஏற்றினார்.

"ஒரு சொட்டுத் தண்ணி எறங்காது ஐயா. வௌவாலுக்குப் பிடிக்கலன்னா நீங்க ஏறிக் கொழும்புக்குப் போவலாம்."

மைத்துனர் அதைக் கேள்விப்பட்டு ஆள் அனுப்பினார். பாழடைந்த வீட்டில் அடைவதைப் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டுக்கு யாராவது அழைப்பார்களா என்று கேட்டிருந்தார்.

ஆறு மாலைகள் கிணற்றடியில் நின்று எண்ணினேன். பூஜ்யம். பதினோராம் நாள் பெட்டியை இறக்கி வைத்தேன். காய்ச்சல் இல்லாத நாள் அது. அவள் அடிப்பக்கத் திறப்பில் கையை விட்டுத் தடவினாள்.

"இதென்ன, இப்படி வழுக்குது? என் நகமே நிக்க மாட்டேங்கு. அதுக எதைப் பிடிச்சித் தொங்கும்?"

ஓடாவி பழக்கதோஷத்தில் உள்ளேயும் இழைத்து, வள்ளத்துக்குப் பூசுவதுபோல மீன் எண்ணெய் பூசியிருந்தார். நான் வெளியளவை மூன்று தடவை அளந்தவன், உள்ளே கைவிட்டுப் பார்க்கவில்லை. உளியால் நாற்பது கோடு கீறினேன். எண்ணெய் வாடை போகச் சாம்பலால் தேய்த்தோம்; மறுபடி கம்பத்தில் ஏற்றினேன்.

பதினான்காம் நாள் மாலை மூன்று வௌவால்கள் பெட்டியிலிருந்து பறந்தன. அவளைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்து காட்டினேன். அன்று காய்ச்சல் முறை, ஆனால் வரவில்லை. தற்செயல் என்று இப்போது சொல்வேன். அன்று சொல்லவில்லை.

மறுநாள் அண்ணன் வண்டியோடு வந்தார்.

"நான் வரல அண்ணே. மூணு வந்திருக்கு. காய்ச்சலும் நின்னுட்டு."

"மூணு வௌவாலா ஒனக்கு வைத்தியம் பாக்கும்? மாப்ள, நீங்க சொல்லுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "இன்னும் வரும்" என்றேன். வண்டி காலியாகத் திரும்பியது.

வண்டி போன ஐந்தாம் நாள் குளிர் திரும்பியது. இரண்டு முறை வந்தது. எட்டாம் மாதம் தொடக்கத்தில் ஆண்குழந்தை பிறந்து, ஒன்பது மணி நேரம் இருந்தது.

குழந்தையை அடக்கம் செய்து ஒரு வாரம் கழித்துக் கோடரியோடு கம்பத்தடிக்குப் போனேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அதுக என்ன செஞ்சிச்சி? போட்டுட்டு உள்ள வாங்க."

நான் என்ன செய்தேன் என்று அவள் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதன்பின் வாழ்ந்த முப்பத்தோராண்டிலும் கேட்கவில்லை. அன்று மாலை பெட்டியிலிருந்து பத்தொன்பது பறந்தன. எண்ணினேன். அவளிடம் சொல்லவில்லை.