கடைசி சோடியம் விளக்கு

எனக்குப் பொறுமை கிடையாது. நட்சத்திரம் பார்க்கிற ஆளுக்கு இது ஆகாத குணம் என்று மனைவி கேலி செய்வாள். அந்த மாதம் நான் வீட்டில் தங்கிய நேரமே குறைவு. ஓசூரில் எங்கள் பகுதித் தெருவிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எல்.இ.டி. மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

நுண்ணிய கோடுகள் போட்ட பிளாஸ்டிக் தாள் ஒன்றைக் கேமரா லென்சுக்கு முன்னால் ஒட்டினால், ஒளி நிறம் நிறமாகப் பிரிந்து பட்டையாகப் பதியும். நட்சத்திரத்தின் பட்டையை அளப்பதற்கு, நமக்குத் தெரிந்த விளக்கொன்றின் பட்டை அளவுகோலாக வேண்டும். பழைய சோடியம் விளக்கு அதற்கு அருமையானது. அதுவும் எரியத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில்தான் பட்டையில் கோடுகள் மெல்லியதாக விழும். எங்கள் தெருவில் மிஞ்சியது ஒன்றே ஒன்று, பெண்கள் விடுதிக்கு எதிரே. அதையும் நாளைக்கே கழற்றிவிடுவார்களோ என்று தினமும் பதறினேன். ஷிப்ட் முடிந்ததும் டீ கூடக் குடிக்காமல் ஓடிவந்து, ட்ரைபாடை நிறுத்திவிட்டு, விளக்கு எரியும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பேன். லாரிகள் கிளப்பும் தூசியில் பாதிப் படம் பாழாகும்.

ஒரு வாரம் போனது. ஒருநாள் விளக்கு எரிவதற்குச் சற்று முன், விடுதிப் பெண் ஒருத்தி நேராக என்னிடம் வந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது.

“ஏண்ணா, டெய்லி எங்க பஸ் வர்ற நேரத்துக்கே கேமராவோட நிக்கறீங்க?”

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. என்னைப் போய் இப்படிக் கேட்பதா?

“நீயே நல்லாப் பாத்துக்கம்மா” என்று கேமராவை அவள் கையில் கொடுத்தேன்.

வெறும் வண்ணப் பட்டைகள். தள்ளிக்கொண்டே போனவள், நான் முதன்முதலாக வந்த நாளின் படத்தில் நின்று, பெரிதாக்கிக் காட்டினாள். பட்டைக்கு இடப்பக்கம் கம்பம். அதனடியில் பஸ்சுக்கு நிற்கும் நான்கு பெண்கள், முகம் தெளிவாக. அந்த ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் நான் அளப்பேன். வெட்டும்போதும் பார்த்ததில்லை. கூசிப்போனேன்.

“சத்தியமா கவனிக்கலம்மா. டெலீட் பண்ணிடறேன்.”

“பண்ணுங்க. அன்னிக்கு அப்புறம் நாங்க அங்க நிக்கறதே இல்லண்ணா. உங்களுக்குப் பயந்துட்டு அந்தாண்ட இருட்டுல நிக்கறோம். அங்க நாயி வேற.”

கம்பத்தடி காலியானதை நான் கவனித்திருந்தேன். படத்துக்குத் தோதாகிவிட்டது என்று மனைவியிடம் சந்தோஷமாகச் சொல்லியும் இருந்தேன்.

விளக்கு மினுங்கத் தொடங்கியது. ட்ரைபாடை மடக்கினேன்.

“இனிமே வரமாட்டேன். இங்கயே நில்லுங்கம்மா.”

அவள் நகரவில்லை. நான் தெருமுனை தாண்டும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். அதன்பிறகுதான் மற்றவர்களைக் கூப்பிடும் அவள் குரல் கேட்டது.